சுவிட்ச்சுக்குப் போற ரெண்டு ஒயரும் ஒரே ஒயர்தான்: லைட் சுவிட்ச் வயரிங், முதல்ல இருந்து

லைட் சுவிட்ச் மாத்துறது சின்ன வேலைதான். ரெண்டு ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ரெண்டு ஒயரை உருவி புது சுவிட்ச்ல மாட்டிட்டா முடிஞ்சது. ஆனா இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. சுவிட்ச்சுக்கு ஒரு ப்ளஸ் ஒயர் ஒரு மைனஸ் ஒயர் வரும்னு ஒருத்தர் சொல்லுவாரு, சிவப்புன்னா பேஸ் கருப்புன்னா நியூட்ரல், இதுல என்ன இருக்குன்னு இன்னொருத்தர் சொல்லுவாரு, சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டா போதும் கரண்ட் இருக்காதுன்னு நம்பி பல்ப் ஹோல்டருக்குள்ள விரலை விடுறவங்களும் இருக்காங்க. மூணுமே தப்பு. சர்க்யூட்ல சுவிட்ச் எந்த இடத்துல உட்காந்திருக்குன்னு தெரியாததால வர்ற தப்புங்க இதுங்க. அது மட்டும் பிடிபட்டுடுச்சுன்னா மிச்சம் எல்லாம் தானா விளங்கிடும்.

## கரண்ட் போகணும், திரும்பியும் வரணும்

சைக்கிள் செயினை நினைச்சுக்கங்க. பெடலை மிதிச்சா செயின் இழுபடுது, பின் வீல் சுத்துது. மேல் பக்கமா போற செயின் கீழ் பக்கமா திரும்பி வருது, பின் வீல் செயினைத் தின்னுடறது இல்ல. வீல் வாங்கிக்கிறது இழுவையை மட்டும்தான். பல்பும் அதே மாதிரிதான். ஒரு ஒயர் வழியா எவ்வளவு கரண்ட் உள்ள போகுதோ அவ்வளவும் இன்னொரு ஒயர் வழியா வெளிய வந்துடுது. பல்பு எடுத்துக்கிறது சக்தியை, கரண்டை இல்ல.

இப்படி கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து சேர்ற முழு வளையத்துக்குப் பேருதான் சர்க்யூட். செயின்ல எந்த இடத்துல ஒரு கண்ணி தெறிச்சாலும் வீல் நிக்கும் இல்லையா, முன்னாடி தெறிச்சுதா பின்னாடி தெறிச்சுதாங்கறது முக்கியமில்ல. சர்க்யூட்டும் எங்க அறுந்தாலும் பல்பு அணையும்.

வீட்டுக்கு வர்றது ஏசி கரண்ட். அதாவது செயினை ஒரே பக்கமா சுத்தாம, முன்னும் பின்னுமா ஆட்டிக்கிட்டே இருக்குற மாதிரி. 50 ஹெர்ட்ஸ் சப்ளைன்னா செகண்டுக்கு 50 தடவை அப்படி முன்ன பின்ன போகும், சில நாடுகள்ல 60. இதனாலதான் வீட்டு ஒயர்ல ப்ளஸ் மைனஸ்னு நிரந்தரமா ஒண்ணு கிடையாது. பேட்டரி சமாச்சாரத்தை இங்க கொண்டு வந்து குழப்பிக்க வேண்டாம்.

## அப்போ பேஸ், நியூட்ரல்னா என்ன

கரண்ட் முன்ன பின்ன ரெண்டு பக்கமும் ஓடுதுன்னா ரெண்டு ஒயரும் ஒண்ணுதானே, ஒண்ணைத் தொட்டா ஷாக் அடிக்குது இன்னொண்ணைத் தொட்டா அடிக்கலைங்கறாங்களே, அது எப்படின்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. செயின் உதாரணம் காலை வாரிவிடுற இடம் இதுதான், அதை இங்கயே ஓரம் வச்சிடலாம்.

சப்ளை கிளம்புற பக்கம் ரெண்டு ஒயர்ல ஒண்ணை வேணும்னே பூமியோட இணைச்சு வச்சிருக்காங்க. அதுதான் நியூட்ரல். நாம நிக்கிறதும் அதே பூமி மேல, அதனால நமக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல கரண்டைத் தள்ளுற அழுத்தம், அதாவது வோல்ட்டேஜ், கிட்டத்தட்ட பூஜ்யம். இன்னொரு ஒயர் பேஸ். அதுக்கும் பூமிக்கும் நடுவுல முழு வோல்ட்டேஜும் இருக்கும், ஊரைப் பொறுத்து 230 வோல்ட் அல்லது 120 வோல்ட். பேஸைத் தொட்டுட்டு தரையில நின்னீங்கன்னா சர்க்யூட்டை முடிச்சு வைக்கிறது நீங்கதான்.

மூணாவது ஒயர் எர்த். சாதாரண நேரத்துல இதுல கரண்டே ஓடாது. இரும்புப் பொட்டி, இரும்பு லைட் ஃபிட்டிங் இதுங்க மேல தப்பித்தவறி பேஸ் பட்டுடுச்சுன்னா அந்தக் கரண்டை நம்ம உடம்பு வழியா விடாம நேரா கொண்டு போறதுக்குன்னு காத்துக்கிட்டு கிடக்குற ஒயர் அது.

நியூட்ரலைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் எடுத்துக்காதீங்க. நியூட்ரல் எங்கயாவது கட் ஆகியிருந்தா, பேஸ் பல்பு வழியா ஓடி வந்து அந்தக் கட் ஆன துண்டுல வந்து நிக்கும். கரண்ட் இருக்கான்னு காட்டுற டெஸ்டரை ஹோல்டர்ல வச்சா ரெண்டு பக்கமும் எரியும், பல்பு எரியாது. இது ஏதோ மாயம் இல்ல, நியூட்ரல் அறுந்ததுக்கு அடையாளம்.

இதுவரைக்கும் பார்த்தது: பல்புக்கு ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், ரெண்டும் சேர்ந்தா வளையம். பேஸ்னா பூமியைப் பொறுத்து வோல்ட்டேஜ் இருக்குற ஒயர். எர்த் ஆபத்துக்கு மட்டும்.

## சுவிட்ச் எங்க உட்காருது

நியூட்ரல் நேரா பல்புக்குப் போயிடும், சுவிட்ச்சை எட்டிக்கூட பார்க்காது. பேஸ் மட்டும் பல்புக்குப் போற வழியில சுவிட்ச்க்குள்ள நுழைஞ்சு வெளிய வருது. அதாவது பல்புக்குப் போற ஒரே ஒரு ஒயரை நடுவுல வெட்டி, அந்த ரெண்டு வெட்டு முனையையும் சுவிட்ச்சோட ரெண்டு டெர்மினல்ல, அதாவது ஒயர் மாட்டுற இடத்துல, சொருகியிருக்காங்க. சுவிட்ச்சைப் போட்டா வெட்டு சேருது, அணைச்சா பிரியுது. சுவிட்ச் அவ்வளவுதான்.

இதை மனசுல வச்சுக்கிட்டா நிறைய சந்தேகம் தானா தீரும். சாதாரண சுவிட்ச்ல ரெண்டு ஒயரை மாத்தி மாட்டினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, ஒரே ஒயரோட ரெண்டு முனை, எது மேல எது கீழன்னு பல்புக்குத் தெரியாது. சரி, ஒரு டெர்மினல்ல பேஸும் இன்னொரு டெர்மினல்ல நியூட்ரலும் கொடுத்தா? சுவிட்ச்சை அழுத்தின அந்த நொடியே ரெண்டும் நேருக்கு நேர் முட்டும், நடுவுல பல்புன்னு ஒரு தடையே இல்ல, அதுக்குப் பேருதான் ஷார்ட். டப்புன்னு சத்தம், எம்சிபி ட்ரிப், சுவிட்ச்சும் கருகியிருக்கும். எம்சிபிங்கறது அளவுக்கு மீறி கரண்ட் ஓடினா தானா விழுந்துடுற பாதுகாப்பு சுவிட்ச்.

சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ரெண்டு டெர்மினல்ல ஒண்ணுல பேஸ் நின்னுக்கிட்டேதான் இருக்கும். வெட்டினது சுவிட்ச்சுக்கு அந்தப் பக்கம் போறதைத்தான், வர்றதை இல்ல. லைட்டை அணைச்சுட்டு சுவிட்ச்சைக் கழட்டுற ஆளுக்கு ஷாக் அடிக்கிறது இதனாலதான்.

## நியூட்ரல்ல சுவிட்ச் போட்டா பல்பு எரியுமே?

எரியும். அணைக்கவும் அணையும். வளையத்தை எங்க வெட்டினாலும் நிக்கும்னு மேலதான் பார்த்தோம். அதனாலதான் இந்தத் தப்பு பல வருஷம் யார் கண்ணுலயும் படாம ஓடுது. ஆனா அணைஞ்சு கிடக்குற பல்போட ஹோல்டர்ல பேஸ் ஜம்முனு உட்காந்திருக்கும். சுவிட்ச் ஆஃப்தானேன்னு ஏணியில ஏறி பல்பு மாத்துற ஆளு ஹோல்டர் முனையைத் தொட்டா முழு வோல்ட்டேஜும் அவர் மேல. பேஸ்லதான் சுவிட்ச் வரணும்னு சொல்றதுக்குக் காரணம் இது ஒண்ணுதான், பல்புக்காக இல்ல, ஆளுக்காக.

எல்இடி பல்பு வந்ததுக்கு அப்புறம் இந்தத் தப்பு கொஞ்சம் வெளிய தெரியுது. லைட்டை அணைச்ச பிறகும் மங்கலா மினுக்கு மினுக்குன்னு எரியுதுன்னு சொல்லுவாங்க இல்லையா, நியூட்ரல்ல சுவிட்ச் இருக்குறது அதுக்கு ஒரு காரணம். வேற காரணமும் உண்டு. சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தா அது வழியா துளியூண்டு கரண்ட் பல்புக்கு கசிஞ்சுக்கிட்டே இருக்கும், இல்லன்னா சுவர்க்குள்ள பக்கத்து பக்கத்துல நீளமா ஓடுற ரெண்டு ஒயர்ல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு லேசா தாவும். பழைய குண்டு பல்புக்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காது. 9 வாட்ஸ் எல்இடிக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர் இந்தத் துளியைச் சேர்த்து வச்சு சேர்த்து வச்சு அப்பப்ப ஒரு மினுக்கு காட்டும். பல்பு கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துடுங்க.

## ‘டக்’குன்னு ஏன் சத்தம் வருது

சுவிட்ச்சை மெதுவா அழுத்திப் பாருங்க. ஒரு அளவு வரைக்கும் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் சட்டுனு அந்தப் பக்கம் சாயும். உள்ள ஒரு ஸ்ப்ரிங் இருக்கு. நீங்க எவ்வளவு மெதுவா அழுத்தினாலும் காண்டாக்ட், அதாவது உள்ள ஒண்ணையொண்ணு தொடுற உலோக முனைங்க, மட்டும் வேகமா பிரியணும்னு வச்ச ஏற்பாடு அது. 1884-ல இங்கிலாந்து நியூகாசில்ல ஜான் ஹென்றி ஹோம்ஸ்னு ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்ச யோசனை, இன்னைக்கும் நம்ம சுவத்துல டக் டக்குன்னு ஓடிக்கிட்டு இருக்கு.

வேகமா பிரியணும்னு என்ன அவசியம்னா, ரெண்டு காண்டாக்ட் பிரியற நேரத்துல நடுவுல இருக்குற காத்து வழியாவே கரண்ட் குட்டி மின்னல் மாதிரி தாவும். மெதுவா பிரிஞ்சா அந்த நெருப்பு நின்னு எரிஞ்சு உலோகத்தை அரிச்சுடும். ஏசி கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல செகண்டுக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போறதால அந்த நெருப்பு அணையறதுக்கு அதுவே பாதி உதவி. பேட்டரி மாதிரி ஒரே பக்கமா ஓடுற டிசில அந்த வசதி இல்ல, அதனால டிசிக்குன்னு எழுதாத சுவிட்ச்சை அதே வோல்ட்டேஜ் டிசில போடக்கூடாது.

சுவிட்ச் கெட்டுப்போற கதையும் இதுக்குள்ளயே இருக்கு. ஸ்ப்ரிங் தளர்ந்து, காண்டாக்ட் கருத்து, ஒழுங்கா சேராம அரைகுறையா தொட்டுக்கிட்டு நிக்கும். காதை வச்சா சர்ர்னு மெல்லிசா ஒரு சத்தம், ப்ளேட் மேல கை வச்சா சூடு, மீன் அழுகின மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாத்தம். இந்த மூணுல எது இருந்தாலும் அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க, அந்த லைனோட எம்சிபியை அணைச்சுடுங்க.

## போர்டைத் திறந்தா ஏன் இவ்வளவு ஒயர்

சுவிட்ச்சுக்கு ரெண்டு முனைதான்னு சொல்லிட்டு, ப்ளேட்டைக் கழட்டினா உள்ள பாம்புப் புத்து மாதிரி இருக்கேன்னு தோணும். காரணம் லூப். அஞ்சு சுவிட்ச் இருக்குற போர்டுக்கு அஞ்சு பேஸ் ஒயர் தனித்தனியா வராது. ஒரே ஒரு பேஸ் வந்து முதல் சுவிட்ச்ல ஏறும், அங்க இருந்து ஒரு குட்டி ஒயர் ரெண்டாவதுக்கு, அதுல இருந்து மூணாவதுக்குன்னு தாவிக்கிட்டே போகும். அந்தக் குட்டி ஒயருங்கதான் லூப்.

அதனால ஒரு சுவிட்ச்சைக் கழட்டினா ஒரு டெர்மினல்ல ஒரே ஒரு ஒயரும் இன்னொரு டெர்மினல்ல ரெண்டு ஒயரும் இருக்கலாம். ரெண்டு ஒயர் சேர்ந்திருக்குற பக்கம் பெரும்பாலும் பேஸ் வர்ற பக்கம், ஒத்தை ஒயர் லைட்டுக்குப் போறது. அந்த ரெண்டுல அடுத்த சுவிட்ச்சுக்குப் போற லூப் ஒயர் கையில இருந்து நழுவி உள்ள விழுந்துடுச்சுன்னா அந்த சுவிட்ச் நல்லா வேலை செய்யும், ஆனா அடுத்து வரிசையா இருக்குற எல்லா சுவிட்ச்சும் செத்துடும். ஒரு சுவிட்ச் மாத்தினேன் ஃபேன் ஓடலைன்னு வர்ற புகார் முக்கால்வாசி இதுதான்.

அதே பொட்டிக்குள்ள ப்ளக் பாயிண்டுக்காக நியூட்ரலும் எர்த்தும் வந்திருக்கலாம். அதுங்களுக்கும் லைட் சுவிட்ச்சுக்கும் சம்பந்தமே இல்ல.

## கலரை நம்பலாமா

வழி காட்ட நம்பலாம், உயிரை ஒப்படைக்க நம்பக் கூடாது. இப்போ பல நாடுகள்ல இருக்குற சர்வதேச முறைப்படி ப்ரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய பிரிட்டிஷ் முறையில சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், அவங்களே 2004-ல புது கலருக்கு மாற ஆரம்பிச்சுட்டாங்க. வட அமெரிக்காவுல கருப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். ஆக ஒரு ஊர்ல நியூட்ரலா இருக்குற கருப்பு இன்னொரு ஊர்ல பேஸ். இதைவிடக் கொடுமை நீலம்: பழைய முறை த்ரீ பேஸ் வீட்டுல, அதாவது மூணு பேஸ் ஒயர் வர்ற வீட்டுல, நீலம் ஒரு பேஸ், புது முறையில அதே நீலம் நியூட்ரல். ரெண்டு காலத்து ஒயரும் கலந்து கிடக்குற வீடு எத்தனையோ இருக்கு.

இதுல சுவிட்ச்சுக்குன்னே ஒரு குழப்பம் தனியா இருக்கு. சில இடத்துல சுவிட்ச்சுக்குப் போக வர ரெண்டு கோர் கேபிளையே இழுத்து விட்டிருப்பாங்க, அதுக்குள்ள இருக்குறது ஒரு ப்ரவுன் ஒரு நீலம், இல்ல ஒரு கருப்பு ஒரு வெள்ளை. பார்க்க நியூட்ரல் மாதிரியே இருக்குற அந்த ரெண்டாவது ஒயர் நியூட்ரலே கிடையாது, வெட்டின பேஸோட இன்னொரு முனை. ஒழுங்கா வேலை செஞ்சவங்க அது மேல பேஸ் கலர் டேப் சுத்தியிருப்பாங்க. சுத்தாதவங்கதான் அதிகம்.

சுருக்கமா, கலரைப் பார்த்து ஊகிங்க, டெஸ்டர் வச்சு உறுதி பண்ணுங்க, உருவுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கங்க.

## மாத்துற வேலை

ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகள்ல சுவிட்ச் மாத்துறதுக்குக்கூட லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வரணும்னு சட்டமே இருக்கு, உங்க ஊர்ல என்ன விதின்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க.

அந்த லைனோட எம்சிபியை அணைக்கணும், சுவிட்ச்சை இல்ல. எது எந்த லைன்னு எழுதி வைக்கலைன்னா மெயினையே அணைச்சிடுறது நிம்மதி. இன்வெர்ட்டர் இருக்குற வீடுன்னா அதையும் சேர்த்து அணைக்கணும், ஏன்னா மெயினை இறக்கினதும் கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு இன்வெர்ட்டர் தன் வேலையைக் காட்ட ஆரம்பிச்சுடும், அதே போர்டுல இன்னொரு பேஸ் உயிரோட இருக்கும். 

அப்புறம் டெஸ்டர். கரண்ட் இருக்குற ஒரு இடத்துல முதல்ல வச்சு டெஸ்டர் எரியுதான்னு பார்க்கணும், பிறகு வேலை செய்யப் போற டெர்மினல் ஒவ்வொண்ணுலயும், கடைசியில திரும்பவும் கரண்ட் இருக்குற இடத்துல ஒரு தடவை. மெயினையே இறக்கிட்டீங்கன்னா இறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கங்க, வேற இடத்துல மறுபடி பார்க்க வழியில்லன்னா கையில ஒரு மல்டிமீட்டர் இருக்குறது நல்லது, அதை ஒரு பேட்டரியில வச்சாவது சோதிக்கலாம். டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லன்னுதான் அர்த்தமா, டெஸ்டரே செத்துப்போச்சான்னு தெரியாம கை வைக்கக் கூடாது. ஸ்க்ரூ ட்ரைவர் மாதிரி இருக்குற நியான் டெஸ்டர் எரியறதே உங்க உடம்பு வழியா ரொம்ப ரொம்பக் கொஞ்சமா கரண்ட் போய்தான், அதனால காஞ்ச மர ஸ்டூல் மேல கெட்டி ரப்பர் செருப்போட நின்னா சில சமயம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கும்.

ஒயரை மாட்டும்போது தோலை அரை இன்ச்சுக்குக் குறைவா, 8-ல இருந்து 10 மில்லிமீட்டர் உரிச்சா போதும். அதிகமா உரிச்சா செம்பு வெளிய தெரியும், குறைவா உரிச்சா ஸ்க்ரூ செம்பை விட்டுட்டு பிளாஸ்டிக் தோலைக் கவ்வும், பார்க்க டைட்டா இருக்கும் ஆனா காண்டாக்ட் இருக்காது. மெல்லிசு இழைங்க சேர்ந்த ஒயர்னா நல்லா முறுக்கி, ஒரு மடி மடிச்சு சொருகுங்க, ஒரு இழைகூட வெளிய நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. டைட் பண்ணின பிறகு ஒவ்வொரு ஒயரையும் லேசா இழுத்துப் பாருங்க. லூஸ் கனெக்‌ஷன்தான் சூட்டுக்குக் காரணம், பல சமயம் சுவிட்ச் மேல பழி போகும், தப்பு இந்த ஸ்க்ரூவோடதா இருக்கும்.

புது சுவிட்ச் மேல எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கும். ஆம்பியர்ங்கறது கரண்டோட அளவு. 230 வோல்ட்ல 9 வாட்ஸ் எல்இடி சுமாரா 0.04 ஆம்பியர்தான் இழுக்கும், 6 ஆம்பியர் சுவிட்ச் அதுக்கு ஆனைப் பலம். 2000 வாட்ஸ் ஹீட்டர்னா கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர், அங்க 6 ஆம்பியர் சுவிட்ச் போட்டா சூடேறி உருகிடலாம்.

எம்சிபி இருக்கு, ஷாக் அடிச்சா விழுந்துடும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எம்சிபி காப்பாத்துறது ஒயரை. உடம்பு வழியா 0.03 ஆம்பியர் போனாலே ஆபத்து, 6 ஆம்பியருக்கு மேல கணக்குப் பார்க்குற எம்சிபிக்கு அது கொசுக்கடி. ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா இருக்கான்னு பார்த்து, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தா உடனே கட் பண்றது அது. ஒரு கை பேஸ்லயும் இன்னொரு கை நியூட்ரல்லயும் பட்டா போன கணக்கும் வந்த கணக்கும் சரியாத்தான் இருக்கும், அப்போ அதுவும் உதவாது.

## மாடிப்படி லைட்: மூணு டெர்மினல்

கீழ போட்டு மேல அணைக்கிற லைட்டுக்கு டூ வே சுவிட்ச். இதுல சேர்க்குறது பிரிக்கிறதுன்னு இல்ல, ஒரு முனையை ரெண்டு வழில ஏதோ ஒரு வழிக்குத் திருப்பி விடுறதுதான் வேலை. அந்த ஒரு முனைக்குப் பேரு காமன். கீழ் சுவிட்ச்சோட காமன்ல பேஸ், மேல் சுவிட்ச்சோட காமன்ல லைட்டுக்குப் போற ஒயர், ரெண்டு சுவிட்ச்சுக்கும் நடுவுல ரெண்டு ஒயர் ஓடும். ரெண்டு சுவிட்ச்சும் ஒரே ஒயரைப் பார்த்துத் திரும்பியிருந்தா எரியும், ஆளுக்கொரு ஒயரைப் பார்த்தா அணையும். அதனாலதான் இந்த சுவிட்ச்ல ஆன் ஆஃப் பக்கம்னு ஒண்ணு கிடையாது.

இங்க மட்டும் ஒயரை மாத்தி மாட்டினா சிக்கல். நடுவுல ஓடுற ரெண்டை ஒண்ணுக்கொண்ணு மாத்தினா பரவாயில்ல, காமன்ல வேற ஒயர் போச்சுன்னா லைட் ஒரு சுவிட்ச் சொல்றதை மட்டும் கேட்கும் இல்லன்னா ரெண்டும் ஒரு குறிப்பிட்ட நிலையில இருந்தாதான் எரியும். காமன் எப்பவும் நடுவுலதான் இருக்கும்னு சொல்ல முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பின்னாடி எழுதியிருக்குறதைப் பாருங்க. பழசைக் கழட்டும்போதே காமன்ல இருந்த ஒயர்ல துண்டு டேப் ஒட்டி வச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

## ஸ்மார்ட் சுவிட்ச் ஏன் நியூட்ரல் கேட்குது

சாதாரண சுவிட்ச் ஒரு வெட்டு, அதுக்குன்னு கரண்ட் எதுவும் வேண்டாம். ஸ்மார்ட் சுவிட்ச்சுக்குள்ள வைஃபை சிப் ஒண்ணு நாள் பூரா முழிச்சுக்கிட்டு இருக்கணும், அதாவது அதுவே ஒரு லோடு, பல்பு மாதிரி அதுக்கும் தனியா ஒரு முழு வளையம் வேணும், அதனால நியூட்ரல் கேட்குது. லைட் சுவிட்ச் மட்டும் இருக்குற பழைய பொட்டிகள்ல நியூட்ரல் வந்தே இருக்காது. நியூட்ரல் வேண்டாத மாடலும் கிடைக்கும், அதுங்க பல்பு வழியாவே கொஞ்சம் கரண்டைக் கடத்தி உயிர் வாழும், சின்ன எல்இடின்னா மேல சொன்ன மினுக்கல் இதுலயும் வரலாம்.

நியூட்ரல் இல்லைன்னு பக்கத்துல சும்மா கிடக்குற எர்த்துல அந்த ஒயரைச் சொருகி ஓட்டுறவங்க இருக்காங்க, ஸ்மார்ட் சுவிட்ச்சும் வேலை செய்யும், ஆப்ல பச்சையும் காட்டும். ஆர்சிசிபி இருந்தா அந்தக் கசிவு வேற கசிவுங்களோட சேர்ந்து காரணமே தெரியாம ட்ரிப் ஆகும். இல்லாத வீட்டுல எர்த் ஒயர் எங்கயாவது விட்டுப்போச்சுன்னா அந்த பேஸ் சுவிட்ச்சுக்குள்ள நுழைஞ்சு எர்த் வழியா வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ்னு எர்த் கொடுத்த எல்லா இரும்பு மேலயும் வந்து நிக்கும். நியூட்ரல் வேணும்னா அதே லைனோட நியூட்ரலை ஒயர் போற குழாய் வழியா புதுசா இழுக்கணும், அதுக்கு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுடுங்க.